சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிற ஸ்டாப்பர்

பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிளில் கால்பந்து ஆடுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். எப்போதும் அவன் கோல் அடிக்கிறவன்தான். ஒரு கால் தரையில், ஒரு கால் ஆகாயத்தில், பந்து நெருப்பாய்ப் பறக்கும். சிவகாசியில் அந்த லேபிள்களை அடிக்கிற ஆப்செட் மெஷினில் என் நண்பன் வேலை பார்க்கிறான். ஸ்டாப்பர் படம் போட்ட வெடி ஏதாவது உண்டா என்று ஒரு நாள் அவனிடம் கேட்டேன்.

“போடலாம்லே,” என்றான். “ஆனா வெடிக்காது. பக்கத்துல இருக்கிற வெடியவும் வெடிக்க விடாது. எவன் வாங்குவான்?”

அவன் எங்கள் ஊர் டீமுக்கு கோல்கீப்பர். நான் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் நடுவில் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை பயர் ஆபீஸ்களுக்கு லீவு என்பதால் அன்று மட்டும் பதினோரு பேர் சேருவோம். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கத்தில் பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே வேலைக்குப் போவது ஆபீசுக்குப் போவது. என் அம்மா ஆபீசுக்குப் போகிறவள். வெடிக்குத் திரி சொருகுகிற வேலை. அப்பா சாத்தூரில் தீப்பெட்டி லோடு ஏற்றுகிறார். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது ஓட்டுப் போடுவதற்காகத்தான். அங்கே பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள், எங்கள் வம்சத்தில், நான்.

காலேஜில் சேர்ந்த வருஷம்தான் போர்ச்சுகல்காரனை முதலில் பார்த்தேன். காலேஜ் பஸ்ஸில், போனில், ஒரு நிமிஷம்கூட ஓடாத வீடியோ. அவர்கள் நாட்டுப் பையன்கள் ஆடுகிற ஏதோ ஓர் ஆட்டம். ஃபார்வர்ட் ஒருவன் பந்தோடு பாய்ந்து வருகிறான். எதிரே இவன் ஒற்றை ஆளாக நிற்கிறான். நானாக இருந்தால் அந்த இடத்தில் காலை நீட்டி விழுந்திருப்பேன். விழுந்து, சறுக்கி, தொடையைக் கிழித்துக்கொண்டு, பந்தையும் விட்டிருப்பேன். இவன் விழவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனான். போகப் போக அந்த ஃபார்வர்டும் தன்னை அறியாமல் ஓரத்துக்குப் போனான். கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் இவன் ஒரே ஓர் எட்டு வைத்தான். பந்து இவனிடம் இருந்தது. சட்டையில் அழுக்குகூட இல்லை.

வீடியோவுக்குக் கீழே அவன் பிறந்த வருஷம் போட்டிருந்தார்கள். நான் பிறந்த வருஷம்.

அதற்குப் பிறகு அவனை விடவில்லை. அவனுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் டீமில் யாருக்கும் அது வாயில் நுழையவும் இல்லை. ‘போர்ச்சுகல்காரன்’ என்றே சொல்லிக்கொண்டோம். இளைஞர் அணியிலிருந்து கிளப்பின் பி டீமுக்குப் போனான். அங்கே பல மாதம் பெஞ்சில் உட்கார்ந்தான். அப்புறம் ஒரு நாள் முதல் டீமில் கடைசிப் பத்து நிமிஷம் இறங்கினான். அவர்கள் ஆடுகிற நேரத்தில் இங்கே எல்லோரும் உறங்கிக்கொண்டிருப்போம். மறுநாள் காலை பஸ்ஸில் சுருக்கம் பார்ப்பேன். சுருக்கத்திலும் கோல் அடித்தவர்கள்தான் வருவார்கள். இவனுடைய தோளோ முழங்காலோ திரையின் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்து மறையும். அந்த ஒரு கணத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடியும் ஓடவிட்டுப் பார்ப்பேன். அவன் காலைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, எதிரே வருகிறவனுடைய இடுப்பைப் பார்க்கிறான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று. கால் ஏமாற்றும். கண் ஏமாற்றும். இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான்.

வற்றிய கண்மாய்க்குள் பின்னாலேயே ஓடிப் பழகினேன். கருவேல முள் குத்திய இடமெல்லாம் குதிகாலில்தான். அம்மா ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவள், முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் மினுங்க, கரையில் நின்று பார்த்தாள்.

“எய்யா, எல்லாரும் படிச்சா முன்னுக்குப் போறாக. நீ என்ன பின்னுக்குப் போற?”

“இதாம்மா ஸ்டாப்பர் வேலை.”

“யாரு சொன்னா?”

“போர்ச்சுகல்ல ஒருத்தன்.”

“அவுக அம்மா அவனச் சத்தம் போட மாட்டாகளா?”

அவள் கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவனுடைய அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வீடியோவில் ஆட்டம் முடிந்ததும் அவன் கேலரிப் பக்கம் நடந்து போகிறான். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நிற்கிறாள். குனிந்து அவனுடைய தலையைப் பிடித்துக்கொள்கிறாள். அன்றைக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதோடு சரி. வேறு எதுவும் தோன்றவில்லை.

பி.காம் மூன்றாம் வருஷம், பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அந்த டீமில் இடம் கிடைத்தால் வெளி மாநிலம் போய் ஆடலாம். சென்னை கிளப்காரர்கள் ஆள் பொறுக்க வருவது அந்த ஆட்டங்களுக்குத்தான். இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மா வேலை பார்க்கிற ஆபீசில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள்: ‘படிச்ச பய, போர்மேன் பரீட்சை எழுதட்டும், எடுத்துக்கிடுவோம்.’ போர்மேன் வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அப்பாவுக்கு அதைச் சொல்லும்போதே குரல் மாறும். ஆனால் நான் தேர்ந்தெடுக்காத நாற்காலி அது. எனக்குக் கடைசி வருஷம். இந்த ஒரு வாசலை விட்டால் இன்னொரு வாசல் கிடையாது.

மூன்று நாள் தேர்வு. முதல் இரண்டு நாளில் ஓடவிட்டு, தாண்டவிட்டு, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் மிஞ்சினேன். மூன்றாம் நாள் மிஞ்சியவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆட்டம். சிவகாசிக்குப் போகிற ரோட்டோரம் ஒரு காலேஜ் மைதானம். தேர்வாளர் திண்டுக்கல் பக்கத்துக்காரர், அந்தக் காலத்தில் பெரிய ஃபார்வர்டாம். நண்பன் அச்சகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து எங்கள் கோலுக்குப் பின்னால் குத்தவைத்திருந்தான்.

எனக்கு எதிரே மதுரைக்காரன் ஒருவன். ஒல்லி, காற்று மாதிரி போவான். வாயும் அப்படி.

“பங்காளி, எந்த ஊரு?”

“ஆனைக்குட்டம் பக்கம்.”

“வெடியா?”

“ஆமா.”

“அப்ப இன்னைக்கு நான் ராக்கெட்டு. பிடிச்சுப் பாரு.”

இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் இடுப்பைப் பார்த்தேன். முதல் தடவை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் பந்தை வெளியே தட்டினேன். இரண்டாவது தடவை பந்தை எடுத்தே விட்டேன். பின்னால் நண்பன், “ஏலே போர்ச்சுகலு! அம்புட்டுதாம்லே!” என்று கத்தினான். தேர்வாளர் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து தாளில் என்னவோ எழுதினார். எழுதினார் என்பதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது. பந்து, கோடு, ஆள், காற்று எல்லாமே.

முதல் பாதி முடியப் பத்து நிமிஷம் இருக்கும். உள்ளங்காலில் வந்தது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடியைச் சோதித்துப் பார்க்கிற சத்தம் நாள்தோறும் கேட்கும், காதோடு போய்விடும். ஆபீசுக்குள் ஒரு ஷெட்டே வெடித்துப் போகிற சத்தம் மண்ணுக்குள் வரும். காலுக்கு முதலில் வந்து, காதுக்குப் பிறகுதான் ‘தும்’ என்று சேரும். அது வந்தால், யாராக இருந்தாலும், கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டுப் புகை எங்கே என்று பார்ப்போம். டீ ஆற்றுகிறவர் கிளாசை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார். பஸ் டிரைவர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார். புகையின் திசை தெரிந்தால் எந்த ஆபீஸ் என்று தெரியும். எந்த ஆபீஸ் என்று தெரிந்தால் யார் வீடு என்று தெரியும். நம்ம ஆள் இருக்கிற திசை இல்லையென்றால் மூச்சை விடுவோம். விட்ட மறுகணமே கூசிப்போவோம், ஏனென்றால் வேறு யாரோ ஒருவருடைய ஆள் அங்கே இருக்கிறார்.

நான் திரும்பினேன். திரும்ப வேண்டும் என்று நினைத்துத் திரும்பவில்லை. மேற்கே மரங்களுக்கு மேலே ஒரு வெளுத்த மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா அன்றைக்கு மேற்கே வேலை பார்த்தாள். அது மருந்துப் புகையின் வெள்ளையா வெறும் மண் நிறமா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். கண்ணில் வெயில் அடித்தது.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பந்து வலைக்குள் கிடந்தது. மதுரைக்காரன் கையை விரித்துக்கொண்டு ஓடினான்.

“என்ன பங்காளி, வேடிக்கை பார்க்க வந்தியா?”

அன்றைக்கு எங்கள் கோலில் நின்ற கீப்பரும் மேற்கேதான் பார்த்திருக்கிறான், அவனும் பட்டாசு ஊரான விஸ்வநத்தத்துக்காரன். ரெஃப்ரி சாத்தூர்க்காரர், அவரும் விசிலைப் பல்லில் கடித்தபடி புகையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் நினைவு வந்ததுபோல் ஊதி, கோல் என்று கையைக் காட்டினார்.

நான் கோலுக்குப் பின்னால் ஓடினேன். “போன் போடுலே,” என்றேன் நண்பனிடம். அவன் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தான். ஆபீசுக்குள் யாரும் போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மாவைக் கூப்பிட்டால் அவளுடைய போன் ஒரு மரப்பெட்டிக்குள் கிடந்து அலறும், அவ்வளவுதான். அதனால் கேட்டில் இருக்கிற வாட்ச்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அவரையும் அந்த நேரத்தில் ஊரே கூப்பிடும்.

ஆட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டார்கள். நான் உள்ளே போய் நின்றேன். அந்த ஐந்து நிமிஷம் நான் என்ன ஆடினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பந்து வந்தது, உதைத்தேன், எங்கேயோ போனது. பிறகு கோலுக்குப் பின்னாலிருந்து அவனுடைய குரல் கிழிந்து வந்தது.

“ஏலே! குவாரி! கல்குவாரிலே! பாறை உடைச்சிருக்கானுக! ஆபீஸ்ல ஒண்ணும் இல்லலே!”

எங்கள் கீப்பர் தரையில் உட்கார்ந்துவிட்டான். ரெஃப்ரி வானத்தைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அந்தப் பாதி முடிந்தது.

தேர்வாளர் என்னைக் கூப்பிட்டார். மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டே சுற்றி நின்றார்கள்.

“என்னப்பா பார்த்த?”

“புகை பார்த்தேன் சார்.”

“பந்து எங்க இருந்துச்சு?”

“தெரியல சார்.”

“நாப்பது வருசமா ஆட்டம் பார்க்கிறேன். பந்து எங்கன்னு தெரியலன்னு சொன்ன மொத ஸ்டாப்பர் நீதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குள் ஏதோ சூடாக ஏறியது.

“சார், உங்க ஊர்ல இந்த மாதிரி சத்தம் கேக்காதா?”

“எங்க ஊர்ல பூட்டு செய்வாங்கப்பா. பூட்டு வெடிக்காது.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை எனக்கே வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது; அதையும் அடக்கிக்கொண்டேன்.

“இதுல பாரு,” என்று தாளைக் காட்டினார். என் பெயருக்கு நேரே இரண்டு டிக் அடித்திருந்தார். “நீ நல்லா ஆடுற. அதனாலதான் கூப்பிட்டுப் பேசுறேன். இனிமே எது வெடிச்சாலும் பந்தைத்தான் பார்ப்பேன்னு சொல்லு. செகண்ட் ஹாஃப் இறங்கு.”

ஒரே ஒரு வார்த்தைதான். ‘சரி’ என்றால் முடிந்தது. எங்கள் காலேஜ் பி.டி. சார் பின்னாலிருந்து முழங்கையைக் கிள்ளினார். “சரின்னு சொல்லித் தொலையேன்டா,” என்றார் காதுக்குள்.

அந்த நேரத்தில்தான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். போர்ச்சுகல்காரன் தொண்ணூறு நிமிஷமும் பந்தையே பார்க்கிறான். பார்ப்பான். அவனுடைய அம்மா எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். பந்தை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டிய திசை என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. அவனுடைய காலை நான் கற்றுக்கொள்ளலாம், இடுப்பைக் கற்றுக்கொள்ளலாம். இதை எப்படிக் கற்றுக்கொள்வது? கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

“பார்ப்பேன் சார்,” என்றேன்.

“என்னது?”

“மறுபடி கேட்டாலும் பார்ப்பேன். ரெஃப்ரியும் பார்த்தாரு. லைன்ஸ்மேனும் பார்த்தாரு. அந்தா தண்ணிக் கேன் தூக்கிட்டு வந்த அண்ணனும் நின்னு பார்த்தாரு. இங்கன பார்க்காதவுக வெளியூர்க்காரங்க மட்டும்தான். நான் ஆளைத் தடுப்பேன் சார், எவனா இருந்தாலும் தடுப்பேன். ஆனா பார்க்க மாட்டேன்னு பொய் சொல்லி உள்ள வர மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ரெஃப்ரி குனிந்து ஷூ லேசைக் கட்டினார்; அது ஏற்கெனவே கட்டியிருந்தது. தேர்வாளர் தாளை மடித்தார்.

“வாய் இருக்கு,” என்றார். “கால் இருக்கான்னு பார்ப்போம். போ, இறங்கு.”

இரண்டாம் பாதியில் நான் ஆடியதுபோல அதற்கு முன்னால் ஆடியதில்லை. கோபம் காலுக்கு நல்லதில்லை என்பார்கள். எனக்கு அன்றைக்கு நல்லதாக இருந்தது. மதுரைக்காரன் இடப்பக்கம் போனான், வலப்பக்கம் போனான், நடுவில் வந்தான். நான் விழவே இல்லை. பின்னாலேயே போய், போய், போய், அவனை ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரு தடவை இரண்டு பேரும் கோட்டுக்கு வெளியே போய் வேலியில் முட்டி நின்றோம். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“விடவே மாட்டியா பங்காளி?”

“மாட்டேன்.”

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்தக் கோலு கையில பட்டுத்தான் போச்சு. நீங்க எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. யாரு பார்த்தா?” என்று கண்ணடித்துவிட்டு ஓடினான்.

ஆட்டம் ஒன்றுக்குச் சைபர் என்றே முடிந்தது. கை பட்ட கதையை நண்பனிடம் சொன்னேன். அவன் குதித்தான்.

“சொல்லுலே! இப்பவே போய்ச் சொல்லு! கை பட்ட கோலு செல்லாதுல்ல? உன் மேல தப்பே இல்லன்னு ஆயிரும்லே!”

“ஆகாது.”

“ஏன்?”

“நான் அந்தப் பக்கம் பார்க்காததாலதான் கை பட்டதே எனக்குத் தெரியல. அவன் தப்பச் சொன்னா நான் திரும்பி நின்னது இல்லன்னு ஆயிருமா? அதுக்குப் பேரு ஒளிஞ்சுக்கிறது.”

“நீ உருப்பட மாட்டலே,” என்று சைக்கிளை எடுத்தான். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஊர் வரைக்கும் பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்து ஏற்றினான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கதை வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள்.

“கோலு விட்டியாமே?”

“ஆமா.”

“என்னையப் பார்த்துக்கிட்டு நின்னியாமே?”

“புகையப் பார்த்தேன்.”

கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் அவளுக்கு மெதுவாகத்தான் வரும், வந்தால் நிற்காது. “எய்யா, உள்ள சத்தம் கேட்டா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? பார்க்க மாட்டோம். எந்த ஷெட்டு, என்ன ஆச்சுன்னு ஒருத்தியும் திரும்ப மாட்டா. கையில இருக்கிறதப் போட்டுட்டு வாசலப் பார்த்து ஓடுவோம். திரும்பிப் பார்க்கிறவதான் மாட்டுவா. நீ பார்த்து நான் பொழைக்கப் போறேனாக்கும்?”

“இல்லம்மா.”

“பெறகு?”

“பார்க்காம நிக்க முடியலம்மா. நீயே சொன்னாலும் முடியாது.”

அவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “ஒண்ணு செய்யி. நான் கேட்டுக்கு வெளிய வந்து போனை வாங்குனதும் மொதல்ல உனக்குத்தான் போடுவேன். அதுக்குப் பெறகாவது பந்தப் பாரு.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி உன் பாடு, உன் பந்து பாடு. எனக்குத் திரி சொருகவே நேரம் பத்தல.”

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். பதினாறு பேர். பதினாறாவது பெயர் என்னுடையது. பக்கத்தில் பேனாவால், ‘நேரில் பார்க்கவும்’ என்று எழுதியிருந்தது. அதே வாரம் போர்ச்சுகல்காரனை அவன் நாட்டு அணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நண்பன் போனில் அதைக் காட்டினான். “உன் பங்காளிய நாடே கூப்பிடுது. உன்னைய ‘நேரில் பார்க்கவும்’னு கூப்பிடுறாக. போய் அடி வாங்கிட்டு வா,” என்றான். சைக்கிள் கோபம் அத்தோடு தீர்ந்தது.

தேர்வாளரே டீமுக்கு மேனேஜர் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

“கேரளாவுல ஆட்டம். அங்க கோல் விழுந்தா வெடி போடுவானுங்க. சரம் சரமா. நீ ஒவ்வொரு வெடிக்கும் திரும்பிக்கிட்டு நிப்பியா?”

“மாட்டேன் சார்.”

“இப்ப மட்டும் எப்படி மாட்டேங்கிற?”

“அங்க எங்க ஆளு யாரும் வேலை பார்க்கல சார்.”

அவர் பேனாவை மேசையில் தட்டினார். சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, வரவில்லை.

“ஆனா ஒண்ணு சார்,” என்றேன். வாய் தானாகப் போய்க்கொண்டிருந்தது. “ஆட்டத்தப்ப என் போன் உங்க கையில இருக்கணும். ஆஃப் பண்ணாம. அம்மா வேலை முடிஞ்சு வெளிய வந்ததும் கூப்பிடும். நீங்க எடுத்து என்னன்னு கேட்டு எனக்குச் சொல்லணும்.”

“நான் என்ன உனக்கு ஆப்பரேட்டரா?”

“இல்லைன்னா என் பேரை எடுத்துருங்க சார்.”

பதினாறாவது ஆள் பேசுகிற பேச்சா இது? அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளியே எச்சில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உங்க அம்மா என்ன வேலை?”

“திரி சொருகுறது சார்.”

“எத்தனை மணிக்கு வெளிய வருவாங்க?”

“அஞ்சு, அஞ்சேகால்.”

பட்டியலில் அந்த ‘நேரில் பார்க்கவும்’ மேல் ஒரு கோடு போட்டார். “போ. ஷூ நல்லதா வாங்கு. அந்த ஷூவைப் பார்த்தா எனக்கே பாவமா இருக்கு.”

முதல் ஆட்டத்தில் என்னை இறக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் ஸ்டாப்பருக்குக் காய்ச்சல். வேலை நாள், சாயங்கால ஆட்டம். பச்சைப் புல், எங்கள் பக்கத்தில் அந்த நிறத்தில் நெல்கூட நான் பார்த்ததில்லை. இறங்குவதற்கு முன்னால் போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அங்கே நிஜமாகவே சரம் போட்டார்கள். எங்கள் மேல் கோல் விழுந்தது, போட்டார்கள். நாங்கள் திருப்பி அடித்தோம், அதற்கும் போட்டார்கள். சத்தம் காதோடு போயிற்று. உள்ளங்கால் சும்மா இருந்தது. ஆனால் மணி ஐந்தைத் தாண்டியதும் எனக்குள் ஒன்று கோட்டோரத்தையே பார்க்கத் தொடங்கியது. ஐந்தேகால். ஐந்தரை. சீசன் நேரம், ஆர்டர் குவிந்து நிற்கும், லேட்டாகத்தான் விடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபார்வர்ட் வந்தான். தடுத்தேன். மறுபடியும் வந்தான். தடுத்தேன். பயம் இருந்துகொண்டேதான் இருந்தது, அதோடுதான் ஆடினேன். பயம் இல்லாத காலை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் எழுந்து நின்றார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு இன்னொரு காதில் போனை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். “ஆமாங்க... ஆமாங்க... நான்தாங்க அது, பார்க்கக் கூடாதுன்னு சொன்னது... இல்லைங்க, இப்ப சொல்லலைங்க...” பெஞ்சில் இருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தார். கையை வாய்க்கு இரு பக்கமும் குவித்தார்.

“டேய்! வெளிய வந்துட்டாங்க! பஸ்ஸுக்கு நிக்கிறாங்க! உன்னைய விழாம ஆடச் சொன்னாங்க!”

எதிரணி ஃபார்வர்ட் இந்தத் தமிழ் புரியாமல் ஒரு கணம் தயங்கினான். அவனுடைய இடுப்பு இடப்பக்கம் சாய்ந்தது. நான் எட்டு வைத்தேன்.